அரசு வாகனங்களை மின்சாரத்துக்கு மாற்றுவது எப்படி? ஓட்டக் கணக்கு முதல் பழைய பேட்டரி வரை

நிதி ஒதுக்கீடு வருகிறது. மார்ச் 31க்குள் செலவழித்தாக வேண்டும். வண்டிகள் வரிசையாக வந்து நிற்கின்றன, மாலை போட்டுக் கொடியசைத்து அனுப்புகிறார்கள். மறுநாள் காலையில்தான் இவற்றுக்கு எங்கே சார்ஜ் போடுவது என்ற பேச்சே எழுகிறது. அரசு அலுவலகங்களிலும் உள்ளாட்சிகளிலும் மின் வாகனத் திட்டம் சறுக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். வண்டி முதலில் வருகிறது, மின் இணைப்பு கடைசியில் வருகிறது.

இது தெரியாத பாடமும் அல்ல. 2017இல் மத்திய அரசின் எரிசக்தித் திறன் சேவை நிறுவனமான இஇஎஸ்எல், அரசுத் துறைகளுக்காக 10,000 மின் கார்களுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியது. கார்கள் தயாரான வேகத்துக்குச் சார்ஜிங் வசதி ஈடுகொடுக்கவில்லை. அன்றைய சிறிய பேட்டரி அதிகாரிகளின் ஓட்டத்துக்கும் போதவில்லை. திட்டம் மெதுவாகிப்போனது.

தமிழ்நாட்டு மாநகராட்சி, நகராட்சி, மாவட்ட அலுவலகம், போக்குவரத்துக் கழகம் ஆகியவற்றில் வாகனப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்த வழிகாட்டி. ஓட்டக் கணக்கு, கார்பன் கணக்கு, மின் இணைப்பு, ஒப்பந்தம், அதற்குப் பிறகுதான் வண்டி. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

படி 1: எந்த வண்டி எவ்வளவு ஓடுகிறது?

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வரி எழுதுங்கள். பதிவு எண், பதிவான ஆண்டு, எரிபொருள், ஓடோமீட்டர் அளவு, கடந்த 12 மாத எரிபொருள் லிட்டர், பழுதுச் செலவு, இரவில் நிற்கும் இடம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். கடைசி விவரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரவில் வண்டி நிற்கும் இடத்தில்தான் சார்ஜர் வர வேண்டும் என்பதால் அது இல்லாத பட்டியல் பாதிப் பட்டியல்தான்.

ஓட்டப் பதிவேட்டை மட்டும் நம்ப முடியாது. பல அலுவலகங்களில் அது எரிபொருள் பில்லுக்குப் பொருந்தும்படி பிறகு எழுதப்படுகிறது. வண்டிக்கு ஒரு ஜிபிஎஸ் கருவி பொருத்தி 30 நாள் ஓடவிடுங்கள். அதிலிருந்து மூன்று எண்களை எடுங்கள்: சராசரி நாள் ஓட்டம், அதிகபட்ச நாள் ஓட்டம், தொடர்ந்து ஒரே இடத்தில் நிற்கும் நேரம். மழைக்காலப் பேரிடர்ப் பணி, தேர்தல் பணி, திருவிழாப் பாதுகாப்பு போன்ற நாட்களில் ஓட்டம் இரண்டு மூன்று மடங்காகும். அந்த நாட்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். அவற்றுக்காக எல்லா வண்டிகளிலும் பெரிய பேட்டரி வாங்க வேண்டியதில்லை. இரண்டு டீசல் வண்டிகளைப் பொதுவில் வைத்துக்கொண்டால் போதும்.

எந்த வண்டியை முதலில் மாற்றுவது என்பதில் சட்டமும் கைகொடுக்கிறது. 15 ஆண்டுகள் கடந்த அரசு, உள்ளாட்சி, அரசுப் போக்குவரத்துக் கழக வாகனங்களின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்க முடியாது. அடுத்த 3 ஆண்டுகளில் 15ஐத் தொடும் வண்டிகளின் பட்டியல்தான் உங்கள் முதல் கட்டம். நன்றாக ஓடும் 6 ஆண்டு வண்டியைக் கழித்துவிட்டு மின் வண்டி வாங்குவது பணத்துக்கும் நல்லதல்ல, கார்பன் கணக்குக்கும் நல்லதல்ல.

பட்டியலைப் பார்க்கும்போதே சில வண்டிகள் தேவையே இல்லை என்பது தெரிந்துவிடும். மாதம் 300 கி.மீ. ஓடும் மூன்று கார்களுக்குப் பதில் பொதுவில் ஒரு கார் போதும். ஓடாத வண்டியைக் கழிப்பதைவிட மலிவான கார்பன் குறைப்பு வேறில்லை.

படி 2: கார்பன் கணக்கை நேர்மையாகப் போடுங்கள்

புகைக்குழாய் இல்லை என்பதால் உமிழ்வே இல்லை என்று அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு, பெட்ரோல் என்றால் 2.31 கிலோ. மத்திய மின்சார ஆணையக் கணக்குப்படி இந்திய மின்தொகுப்பில் (கிரிட்) ஒரு யூனிட் உற்பத்திக்குச் சராசரியாகச் சுமார் 0.72 கிலோ வெளியாகிறது. சார்ஜ் செய்யும்போது சுமார் 10 சதவீதம் வெப்பமாக வீணாகும். இவற்றை வைத்து ஒரு கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் இப்படி வருகிறது.

• லிட்டருக்கு 11 கி.மீ. தரும் டீசல் ஜீப்: 0.24 கிலோ. அதே வேலைக்கு மின் கார்: சுமார் 0.12 கிலோ. பாதி.

• லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் கார்: 0.15 கிலோ. மின் கார்: சுமார் 0.105 கிலோ. மூன்றில் ஒரு பங்கு குறைவு.

• தெருத்தெருவாக நின்று நின்று போகும் டீசல் குப்பை வண்டி, லிட்டருக்கு 10 கி.மீ. என்றால்: 0.27 கிலோ. மூன்று சக்கர பேட்டரி வண்டி: சுமார் 0.07 கிலோ. ஆனால் சிறிய வண்டி இரண்டு நடை போக வேண்டியிருந்தால் இதை இரண்டால் பெருக்குங்கள்.

• லிட்டருக்கு 4 கி.மீ. தரும் ஏசி இல்லாத டீசல் நகரப் பேருந்து: 0.67 கிலோ. கிலோமீட்டருக்கு 1 யூனிட் எடுக்கும் மின் பேருந்து: சுமார் 0.79 கிலோ.

கடைசி வரியில் அச்சுப்பிழை இல்லை. கச்சா எண்ணெயை எடுத்துச் சுத்திகரித்துக் கொண்டுவரும் உமிழ்வையும் சேர்த்தால் டீசல் பேருந்தும் ஏறத்தாழ 0.8 கிலோவைத் தொடும். மின் பக்கம் கம்பிவழி இழப்பைச் சேர்த்தால் அதுவும் கூடும். அதாவது வெறும் தொகுப்பு மின்சாரத்தில் ஓடும் ஏசி இல்லாத மின் பேருந்து, கார்பன் கணக்கில் டீசலுக்குச் சமம் என்பதற்கு மேல் பெரிதாக ஒன்றும் தருவதில்லை. நகரத்துக் காற்றில் புகையும் துகளும் குறைவது, இரைச்சல் இல்லாமல் போவது எல்லாம் உண்மையான நன்மைகள்தான். அவற்றுக்காகவே வாங்கலாம். ஆனால் 'குறைந்த கார்பன்' என்று பெயர் சொல்ல வேண்டுமானால் பேருந்தோடு சேர்த்துச் சூரிய, காற்று மின்சாரத்தையும் வாங்கியாக வேண்டும். ஏசி பேருந்தில் நிலைமை வேறு. லிட்டருக்கு 2.5 கி.மீ. மட்டுமே தரும் டீசல் ஏசி பேருந்து 1.07 கிலோவை, எண்ணெய்ச் சுத்திகரிப்பும் சேர்ந்தால் அதற்கும் மேல், வெளியிடும். அங்கே தொகுப்பு மின்சாரத்திலேயே ஓரளவு குறையும்.

எனவே அலுவலக ஜீப், குப்பை வண்டி, ஏசி பேருந்து ஆகியவை முதல் வரிசை. சாதாரணப் பேருந்து பசுமை மின்சாரத்தோடு சேர்ந்து வரட்டும். கம்பாக்டர் (குப்பையை அழுத்தி ஏற்றும் லாரி), ஜேசிபி போன்ற கனரகங்களை இப்போதைக்கு விட்டுவைப்பது நல்லது. சிஎன்ஜிக்கு மாற்றிவிட்டால் கார்பன் பாதியாகும் என்ற நம்பிக்கையும் சரியல்ல. ஒரு கிலோ சிஎன்ஜி எரிந்தாலும் சுமார் 2.7 கிலோ வெளியாகிறது. புகை குறையும், கார்பன் சொற்பமே குறையும்.

பணக் கணக்கையும் இதே தாளில் போடுங்கள். டீசல் லிட்டர் 92 ரூபாய் என்றால் ஜீப்புக்குக் கிலோமீட்டருக்கு 8.36 ரூபாய். மின் கார் சார்ஜ் இழப்போடு 0.17 யூனிட், யூனிட்டுக்கு 9 ரூபாய் என்றாலும் 1.5 ரூபாய். வித்தியாசம் சுமார் 6.85 ரூபாய். ஆண்டுக்கு 20,000 கி.மீ. ஓடும் வண்டியில் 1.37 லட்சம் மிச்சமாகும். 6,000 கி.மீ. மட்டுமே ஓடினால் 41,000தான் மிச்சம். மின் வண்டியின் கூடுதல் விலை நான்கைந்து லட்சம் என்றால் முதல் வண்டி 4 ஆண்டுக்குள் அதை ஈட்டிவிடும், இரண்டாவது பத்தாண்டு தாண்டியும் திணறும். அதிகம் ஓடும் வண்டிக்குத்தான் முதலிடம். அதிகாரியின் பதவி உயரத்தைப் பார்த்து மின் கார் ஒதுக்குவது இந்தக் கணக்கையே கெடுத்துவிடும்.

படி 3: பேட்டரி அளவு

விளம்பரத்தில் சொல்லும் தூரத்தை விட்டுவிடுங்கள், யூனிட்டில் (கிலோவாட் மணி) கணக்கிடுங்கள். உதாரணத்துக்கு, அதிகபட்ச நாள் ஓட்டம் 110 கி.மீ., கிலோமீட்டருக்கு 0.15 யூனிட் (ஏசியோடு) என்றால் தேவை 16.5 யூனிட். பேட்டரி வயதாகி 80 சதவீதத் திறனுக்கு இறங்கும் காலத்திலும் ஓட வேண்டும், எனவே 0.8ஆல் வகுக்க வேண்டும். கையிருப்பாக 20 சதவீதம் வேண்டும், எனவே மீண்டும் 0.8ஆல் வகுக்க வேண்டும். விடை சுமார் 26 யூனிட். சந்தையில் 30 யூனிட் பேட்டரி வண்டி போதும். 45 யூனிட் வாங்கினால் கூடுதல் எடையைத்தான் தினமும் சுமந்துகொண்டு போவீர்கள்.

வெப்பமான நம் ஊருக்கு எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரியைக் கேளுங்கள். சூட்டைத் தாங்கும், அதிகச் சுழற்சிகள் வரும், தீப்பற்றும் அபாயமும் மற்ற லித்தியம் வகைகளைவிடக் குறைவு. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எல்எஃப்பி பேட்டரியின் வோல்ட்டேஜ் நடுப்பகுதியில் ஏறத்தாழ மாறாமலேயே இருப்பதால், மீட்டர் காட்டும் சதவீதம் நாளாக ஆகத் தவறும். வாரம் ஒரு முறையாவது 100 சதவீதம் வரை சார்ஜ் ஏற்றி, சார்ஜர் தானே நிற்கும்வரை விட வேண்டும். இதைச் செய்யாத வண்டிதான் '30 சதவீதம் காட்டியது, திடீரென்று நின்றுவிட்டது' என்று நடுரோட்டில் நிற்கும்.

படி 4: மின் இணைப்பு

நேரமும் பணமும் எதிர்பாராமல் கரைவது இங்கேதான். வண்டிக்கு ஒப்பந்தப்புள்ளி விடும் முன்பே மின் பகிர்மானக் கழகத்தின் உதவிச் செயற்பொறியாளரை நேரில் பாருங்கள். டிரான்ஸ்பார்மரில் மிச்சத் திறன் இருக்கிறதா, புது டிரான்ஸ்பார்மர் வேண்டுமா, மதிப்பீட்டுத் தொகை எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். உயரழுத்த இணைப்பு என்றால் ஆறு முதல் ஒன்பது மாதம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிறிய உதாரணத்திலிருந்து தொடங்கலாம். 30 பேட்டரி குப்பை வண்டிகள், ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 7 யூனிட், மொத்தம் 210. இழப்போடு 230 யூனிட். மதியம் பணி முடிந்து எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் 3 கிலோவாட் சார்ஜரில் மாட்டினால் 90 கிலோவாட் லோடு. இரண்டு அணியாகப் பிரித்து மூன்று மணி நேர இடைவெளியில் மாட்டினால் 45 கிலோவாட்டே போதும். இணைப்புச் செலவும் மாதாந்திர நிலைக் கட்டணமும் பாதியாகும். இதற்குத் தேவை 500 ரூபாய் டைமர் சுவிட்சுகளும் பொறுப்பான ஒரு ஆளும்தான்.

பேருந்துப் பணிமனையில் எண்கள் பெரியவை. 40 பேருந்து, தலா 200 கி.மீ., கிலோமீட்டருக்கு 1.1 யூனிட் என்றால் நாளுக்கு 8,800 யூனிட். இரவு 11 முதல் காலை 5 வரை மட்டும் சார்ஜ் என்றால் இழப்போடு சுமார் 1,610 கிலோவாட் வேண்டும். அதாவது 11 கேவி இணைப்பும் 2,000 கேவிஏ டிரான்ஸ்பார்மரும். இதில் 30 சதவீதத்தை மதிய இடைவெளியில் ஏற்றினால் இரவு லோடு 1,130 கிலோவாட்டாகக் குறைகிறது. மதியத்துக்கு இன்னொரு லாபமும் உண்டு. மத்திய மின் அமைச்சகத்தின் 2024 சார்ஜிங் வழிகாட்டி, பொது நிலையங்களுக்குக் காலை 9 முதல் மாலை 4 வரையிலான சூரிய நேரத்தில் சராசரி விநியோகச் செலவின் 0.7 மடங்கும் மற்ற நேரத்தில் 1.3 மடங்கும் கட்டணம் என்கிறது. உங்கள் இணைப்பு எந்தக் கட்டணப் பிரிவில் வரும், அதற்கு நேரவாரி விகிதம் உண்டா என்பதை மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் நடப்பு ஆணையில் பார்த்து, அதன்படி நேர அட்டவணையை எழுதுங்கள். தவறான பிரிவில் இணைப்பு வாங்கிவிட்டுப் பிறகு மாற்றுவது பெரிய அலைச்சல்.

பணிமனைக் கூரையில் சூரியத் தகடு போட்டாலே போதும் என்று நினைக்க வேண்டாம். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் இடம் வேண்டும், நாளுக்கு 4 யூனிட் கிடைக்கும். 2,000 சதுர மீட்டர் கூரையில் 200 கிலோவாட், 800 யூனிட். மேலே சொன்ன தேவையில் 9 சதவீதம்தான். போடுங்கள், கட்டாயம் போடுங்கள், ஆனால் மீதிக்கு வேறு வழி வேண்டும். 2022ஆம் ஆண்டு பசுமை மின் திறந்த அணுகல் விதிகளின்படி 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் ஒப்பந்தத் தேவை உள்ள நுகர்வோர், காற்று, சூரிய மின்சாரத்தை நேரடியாக வாங்க முடியும். முப்பந்தலிலும் பொள்ளாச்சிப் பக்கத்திலும் மே முதல் செப்டம்பர் வரை சுழலும் காற்றாலைகள் இரவிலும் சுழல்கின்றன. இரவு சார்ஜுக்கு அது நன்றாகப் பொருந்தும். நகரப் பேருந்து எண் 0.8 கிலோவிலிருந்து உண்மையாக இறங்குவது இந்த மின்சாரம் வாங்கும் ஒப்பந்தக் கையெழுத்தில்தான்.

இனி சுவிட்சுப் பலகை வேலை. அலுவலக கார்களுக்கு 3.3 கிலோவாட் சார்ஜிங் இரவுக்குப் போதும். ஒரு வண்டிக்கு ஒரு தனி சுற்று, 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 30 மில்லி ஆம்பியர் கசிவுப் பாதுகாப்புள்ள பிரேக்கர், நீல நிற 16 ஆம்பியர் தொழிற்சாலை சாக்கெட். சுவரில் இருக்கும் பழைய 15 ஆம்பியர் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பெட்டி போட்டு மாட்டினால் எட்டு மணி நேரத் தொடர் லோடில் அது உருகும். பிளக் பாயிண்டுகள் கருகுவதற்கு இதுவே முதல் காரணம்.

இரண்டாவது சிக்கல் எர்த். வண்டியை மாட்டியதும் சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிட்டால் பெரும்பாலும் சார்ஜர் பழுதாகியிருக்காது, எர்த் சரியில்லாமல் இருக்கும். தனியாக இரண்டு எர்த் குழிகள் போட்டு, எதிர்ப்பு 5 ஓமுக்குக் கீழே இருப்பதைச் சித்திரை, வைகாசி வெயிலில் அளந்து பாருங்கள். மழைக்காலத்தில் அளந்தால் ஈர மண் நல்ல எண்ணையே காட்டும், கோடையில் எல்லாம் நின்றுபோகும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலான வோல்ட்டேஜையும் எழுதி வையுங்கள். அது ஏறினால் நியூட்ரல் இணைப்பு எங்கோ தளர்ந்திருக்கிறது.

சார்ஜர் மேடை, அந்த இடத்தில் இதுவரை ஏறிய வெள்ள உயரத்துக்கு மேல் அரை மீட்டராவது இருக்கட்டும். 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வண்டிகளை மேட்டுக்கு நகர்த்தும் இடத்தையும் இப்போதே குறித்து வையுங்கள்.

படி 5: வாங்குவதா, வாடகைக்கா?

கார்களும் சிறு வண்டிகளும் அரசின் இணையக் கொள்முதல் தளமான ஜெம்மிலோ ஒப்பந்தப்புள்ளியிலோ வாங்கக் கிடைக்கும். மின் வாகனத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் என்பதை மதிப்பீட்டில் சேர்க்க மறக்காதீர்கள். குறைந்த விலைக்காரருக்கே வேலை என்ற விதியில் டீசலும் மின்சாரமும் மோதினால் மின் வண்டி தோற்கும், ஏனென்றால் அதன் மிச்சம் எல்லாம் பின்னால்தான் வருகிறது. மதிப்பீட்டு முறையை ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே முன்கூட்டி எழுதுங்கள்: வாங்கும் விலை, 8 ஆண்டு எரிசக்திச் செலவு, பராமரிப்பு, பேட்டரி மாற்றும் செலவு எல்லாம் சேர்ந்த கூட்டுத்தொகை. பிறகு சேர்த்தால் தணிக்கையில் நிற்காது.

பேருந்துகளுக்கு இன்று நடைமுறையில் உள்ளது மொத்தச் செலவு ஒப்பந்தம். ஒப்பந்ததாரர் வண்டி, ஓட்டுநர், பராமரிப்பு எல்லாவற்றையும் தருவார், கழகம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுக்கும். சென்னை மாநகர்ப் போக்குவரத்துக் கழகம் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின் பேருந்துகளை இந்த முறையில் தொடங்கியது. நடத்துநர் கழகத்தைச் சேர்ந்தவர். திட்டத்தின் மொத்த எண்ணிக்கை 625. பல நகரங்கள் சேர்ந்து ஒரே மாதிரி வண்டியைக் கேட்டால் விலை இறங்கும் என்பதற்கு 2022இல் இஇஎஸ்எல்லின் துணை நிறுவனமான சிஇஎஸ்எல் ஐந்து நகரங்களுக்காக விட்ட 5,450 பேருந்து ஒப்பந்தப்புள்ளி சாட்சி. அதில் 12 மீட்டர் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 43.49 ரூபாய் வரை விலை இறங்கியது.

ஒப்பந்தத்தில் பிற்பாடு சண்டை வரும் இடங்கள் இவை. ஒப்பந்ததாரருக்குக் கழகம் உறுதியளிக்கும் தூரம் நாளுக்கு 200 கி.மீ. என்று எழுதிவிட்டு வழித்தடங்களை 160 கி.மீ.க்கு அமைத்தால் ஓடாத 40 கி.மீ.க்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டிவரும், எனவே அட்டவணையை முதலில் எழுதிவிட்டுத் தூரத்தைப் பிறகு குறியுங்கள். பணிமனையிலிருந்து முதல் நிறுத்தம்வரை போகும் வெற்று ஓட்டம் கணக்கில் உண்டா இல்லையா என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். மின் கட்டணத்தைக் கழகம் கட்டுவதானால் கிலோமீட்டருக்கு உச்சபட்ச யூனிட்டைக் குறித்து, மிஞ்சுவதை ஒப்பந்ததாரர் தலையில் வையுங்கள், இல்லையென்றால் டயர்க் காற்றைப் பார்க்க யாருக்கும் அக்கறை இருக்காது. வண்டியின் தரவுகள் அனைத்தும் கழகத்துக்குச் சொந்தம், பொதுவான கோப்பு வடிவில் தினமும் தர வேண்டும் என்ற ஒரு வரியையும் விடாதீர்கள்.

பணம் தாமதமானால் அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் விலை ஏறும். ஒப்பந்ததாரர்கள் அந்த அபாயத்தையும் சேர்த்துத்தான் விலை குறிக்கிறார்கள். இதற்காகத் தனி எஸ்க்ரோ கணக்கு (குறித்த செலவுக்கு மட்டுமே பணம் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) திறந்து, டிக்கெட் வருமானத்தில் ஒரு பங்கு அதில் நேரே விழும்படி செய்யுங்கள். மத்திய அரசு 2024இல் 3,435 கோடி ரூபாயில் ஒரு கட்டணப் பாதுகாப்பு ஏற்பாட்டைக் கொண்டுவந்திருக்கிறது. கழகம் தவறினால் அந்த நிதி முதலில் கொடுக்கும், பிறகு மாநிலத்திடமிருந்து பிடித்துக்கொள்ளும். இதில் சேர மாநில அரசு ரிசர்வ் வங்கி வழியாக நேரடிப் பற்று ஒப்புதல் தர வேண்டும், அதற்கு நிதித்துறை கோப்பு நகர நேரம் பிடிக்கும்.

படி 6: குப்பை வண்டிகளுக்குத் தனி கவனம்

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் மின் வண்டி என்றால் முதலில் நினைவுக்கு வருவது வீட்டு வாசலில் மணியடித்து வரும் பேட்டரி வண்டிதான். அதிகம் பழுதாகி நிற்பதும் அதுதான். வண்டி நின்றால் ஒரு வார்டின் குப்பை நிற்கிறது. அந்த வண்டியைப் பல தெருக்கள் தள்ளிக்கொண்டு வருபவர் தூய்மைப் பணியாளர். கொள்முதல் மேசையில் மிச்சம் பிடித்த பத்தாயிரம் ரூபாய் அவருடைய முதுகில் போய் ஏறுகிறது. இந்தப் பகுதியை அலட்சியமாகப் படிக்க வேண்டாம் என்று சொல்வது அதனால்தான்.

முதல் காரணம் ஈய அமில பேட்டரி. நான்கு பேட்டரிக்கும் 15 நாளுக்கு ஒரு முறை வடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்ற வேண்டும். ஆறு மாதத்தில் அது மறந்துபோகும், தகடுகள் வெளியே தெரியும், ஒன்றரை ஆண்டுக்குள் நான்கும் போய்விடும். மறு பேட்டரிக்கு நிதி ஒதுக்கீடு இருக்காது. எல்எஃப்பி பேட்டரி, 7 யூனிட் குறையாமல், வண்டியோடு சேர்ந்த 5 ஆண்டு உத்தரவாதம் என்று விவரக்குறிப்பில் எழுதுங்கள். பேட்டரி பாதுகாப்புத் தரம் ஏஐஎஸ்-156, அதன் மூன்றாம் திருத்தத்தின்படி என்பதும் இருக்கட்டும்.

இரண்டாவது, குப்பைச் சாறு. ஈரக் குப்பையிலிருந்து வடியும் புளித்த நீர், மோட்டாரை இயக்கும் மின்னணுப் பெட்டியான கன்ட்ரோலர் மீதும் வயர் முடிச்சுகள் மீதும் சொட்டி அரித்துவிடும். தொட்டிக்கு அடியில் சாற்றைப் பிடிக்கும் தட்டும் வடிகுழாயும் வேண்டும். கன்ட்ரோலர், மோட்டார், கனெக்டர் மூன்றும் தூசியும் நீரும் புகாத ஐபி67 தரத்தில், தொட்டிக்கு அடியில் இல்லாமல் ஓட்டுநர் பக்கம் இருக்க வேண்டும். மாலையில் பிரஷர் பம்ப் வைத்துக் கழுவும்போது பேட்டரிப் பெட்டி மீதும் மோட்டார் மீதும் நேராக அடிக்கக் கூடாது என்று வண்டியிலேயே எழுதி ஒட்டுங்கள்.

மூன்றாவது, உதிரிபாகம். 300 ரூபாய் சுவிட்ச் கிடைக்காமல் ஆறு மாதம் நிற்கும் வண்டிகள் உண்டு. 10 வண்டிக்கு ஒரு கன்ட்ரோலர், ஒரு த்ராட்டில், இரண்டு சார்ஜர், நான்கு டயர், இரண்டு செட் பிரேக் ஷூ ஆகியவற்றை வண்டி விலையிலேயே சேர்த்து வாங்கி ஸ்டோரில் வையுங்கள். பழுது சொன்ன 48 மணி நேரத்தில் ஓடவில்லை என்றால் மாற்று வண்டி, இல்லையென்றால் நாள்வாரி அபராதம். அதை வசூலிக்க வைப்புத்தொகையில் ஒரு பகுதியை 5 ஆண்டு வரை நிறுத்தி வையுங்கள்.

வண்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் இரண்டு மாதிரிகளை உங்கள் ஊரின் மிகச் செங்குத்தான தெருவில், முழு எடையோடு, ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். ஓட்டிப் பார்ப்பவர் பொறியாளராக இருக்கக் கூடாது, அந்த வண்டியைத் தினமும் ஓட்டப்போகும் பணியாளராக இருக்க வேண்டும். தொட்டியின் உயரம் தோளுக்கு மேல் போகிறதா, இறங்கி ஏறப் படி இருக்கிறதா என்பதையெல்லாம் அவர் இரண்டாவது நாளே சொல்லிவிடுவார்.

படி 7: ஓட்டுநர், மெக்கானிக், தீ

ஓட்டுநருக்கு அரை நாள் பயிற்சி போதாது. மின் வண்டியில் ஆக்சிலேட்டரை விட்டாலே வேகம் குறைந்து, அந்த ஆற்றல் பேட்டரிக்குத் திரும்பும். இதைப் பழகியவரும் பழகாதவரும் ஒரே வழித்தடத்தில் ஓட்டினால் யூனிட் கணக்கில் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். எனவே வண்டி வந்த மூன்றாவது வாரத்தில், எண்களைக் காட்டி, மறுபடி ஒரு பயிற்சி கொடுங்கள்.

கார்களில் ஒரு சின்ன விஷயம் பெரிய தொல்லையாகும். 12 வோல்ட் துணை பேட்டரி. இரண்டு மூன்று வாரம் வண்டி நின்றால் அது இறங்கிவிடும், பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கதவுகூடத் திறக்காது. வாரம் ஒரு முறை வண்டியை ஆன் செய்து அரை மணி நேரம் விடுங்கள். நீண்ட நாள் நிற்கும் வண்டியை 50 சதவீதச் சார்ஜில் நிறுத்துங்கள். பூஜ்யத்தில் விட்டால் பேட்டரி கட்டுப்பாட்டுப் பலகை பூட்டிக்கொள்ளும், திறக்கக் கம்பெனி ஆள் வர வேண்டும்.

இயக்கூர்திகள் பராமரிப்புத் துறைப் பணிமனையிலும் உங்கள் சொந்தப் பணிமனையிலும் குறைந்தது இருவருக்கு உயர் வோல்ட்டேஜ் பயிற்சி வேண்டும். உயர் வோல்ட்டேஜ் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிளை அவர்கள் தவிர யாரும் தொடக் கூடாது. 1,000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை, காப்பிட்ட கருவிகள், பேட்டரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றிய பிறகு காத்திருக்க வேண்டிய நிமிடங்கள் எழுதிய அட்டை ஆகியவை இல்லாமல் வேலையைத் தொடங்க விடாதீர்கள்.

கோப்பு அறை ஜன்னலுக்குக் கீழே சார்ஜ் போட வேண்டாம். வண்டிகளுக்கு இடையே ஒரு மீட்டர் விடுங்கள். வெயிலில் ஓடி வந்த வண்டியை அரை மணி நேரம் ஆறவிட்டு மாட்டுங்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரால் அது குளிராது, சற்று நேரத்தில் மீண்டும் பற்றும். நிறையத் தண்ணீர்தான் வேண்டும். எனவே நிறுத்துமிடத்தில் தண்ணீர்க் குழாயும், எல்லாச் சார்ஜர்களையும் ஒரே அழுத்தில் நிறுத்தும் அவசர சுவிட்சும் கட்டாயம்.

படி 8: முதல் ஆண்டும் அதற்குப் பிறகும்

மாதம்தோறும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரே ஒரு எண்ணைப் பாருங்கள்: கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட். வண்டியின் சொந்தச் சராசரியை விட 15 சதவீதம் கூடினால் முதலில் டயர்க் காற்று, பிறகு பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, பிறகு அளவுக்கு மீறிய எடை. இந்த வரிசையில் பார்த்தால் பெரும்பாலானவை பணிமனை வாசலிலேயே தீரும். ஆண்டுக்கு ஒரு முறை முழுக்கச் சார்ஜ் ஏற்றி, முழுக்க ஓட்டி, பேட்டரி உண்மையில் எத்தனை யூனிட் கொள்கிறது என்று அளந்து கோப்பில் வையுங்கள். உத்தரவாதம் கோரும்போது உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தத் தாள்தான்.

பழைய டீசல் வண்டி வெளியே போகாமல் மின் வண்டி உள்ளே வந்தால் வாகன எண்ணிக்கைதான் கூடும். ஒவ்வொரு மின் வண்டி ஆணையிலும் அதற்கு ஈடாகக் கழிக்கப்படும் வண்டியின் பதிவு எண்ணை எழுதுங்கள். பதிவு செய்யப்பட்ட வாகன உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்து, வைப்புச் சான்றிதழ் வாங்கிய பிறகே புது வண்டிக்கு இறுதித் தவணை விடுவியுங்கள்.

பேட்டரி 70, 75 சதவீதத்துக்கு இறங்கியதும் பேருந்திலிருந்து எடுக்கலாம். ஆனால் அது உடனே கழிவாகிவிடாது. அதே பணிமனையில் மதியச் சூரிய மின்சாரத்தைச் சேர்த்து மாலையில் விளக்குகளுக்கும் சில சார்ஜர்களுக்கும் கொடுக்க இன்னும் சில ஆண்டு உழைக்கும். அதற்கும் பிறகு, 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி திரும்ப எடுத்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. எந்த முகவரியில், யார் செலவில், எத்தனை நாளில் எடுத்துச் செல்வார் என்பதைக் கொள்முதல் ஆணையிலேயே எழுதி வாங்குங்கள். பேட்டரியின் தொடர் எண்ணை வண்டியின் பதிவு எண்ணோடு சேர்த்துச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். எட்டாண்டு கழித்து அந்த இருக்கையில் இருக்கப்போகும் அலுவலருக்கு அந்த ஒரு வரிதான் வழிகாட்டும்.